நாற்காலிக்காரர் சோற்றுத் தட்டு

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நல மாலைக் கூட்டத்தில், அலுவலகப் பணிபுரிவோர் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

விழாக் குழுவினர் எங்களிடம் வந்தபோது, "நீங்கள் எல்லாம் ஆபீஸ் போகிறவர்கள், கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுங்கள்" என்றுதான் கேட்டார்கள். கல்வியைப் பற்றிப் பேச நம் பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நாங்கள் சோற்றைப் பற்றிப் பேசுகிறோம் என்றோம். கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு சம்மதித்தார்கள்.

எங்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும். விடியற்காலையில் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகிற பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போகிறவர்கள் நாங்கள்தான். பொன்னேரியில் மின்சார ரயிலைப் பிடித்து மீஞ்சூர், எண்ணூர், சென்னை என்று ஆளுக்கொரு திசையாகப் பிரிகிறோம். எங்களில் வங்கிக் குமாஸ்தா உண்டு, துறைமுகம் சார்ந்த அலுவலகத்தில் கணக்கெழுதுபவர் உண்டு, நாள் முழுவதும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் உண்டு, அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளும் சகோதரிகள் இருவர் உண்டு. எங்கள் எல்லோருடைய தகப்பனாரும் வலை இழுத்தவர்கள். எங்கள் தாய்மார்கள் கூடையைத் தலையில் வைத்து மீன் விற்றவர்கள், அல்லது இடுப்பளவு ஏரித் தண்ணீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடித்தவர்கள். அவர்கள் எங்களைப் படிக்க வைத்தார்கள். நாங்கள் நாற்காலிக்குப் போனோம்.

அந்த பஸ்ஸில் நாங்கள் முதலில் எட்டுப் பேராக இருந்தோம். இன்று ஏழு பேர். பின் வாசலுக்குப் பக்கத்து இருக்கையில் வழக்கமாக உட்கார்ந்து வந்த நண்பர், நான்கு ஆண்டுகளுக்கு முன் தமது 43-ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். அவர் குடிப்பவரல்லர், புகைப்பவரல்லர். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது என்பது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றுதான் வீட்டாருக்கே தெரிந்தது. அவருடைய தகப்பனார் எழுபதைக் கடந்தவர். இன்றைக்கும் ஏரியில் வலை போடுகிறார். மகனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது அந்தப் பெரியவர் எங்களை நிறுத்திக் கேட்டார்: "நான் சாப்பிட்டதைத்தானேப்பா அவனும் சாப்பிட்டான்?"

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. தேடினோம். டாக்டர்களைக் கேட்டோம், படித்தோம், எங்கள் உடம்பிலேயே சோதித்தும் பார்த்தோம். மாரடைப்புக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் பெரியவர் கேட்ட கேள்விக்குள்ளேயே பாதி விடை இருந்தது. ஆம், தகப்பன் சாப்பிட்டதையேதான் மகனும் சாப்பிட்டார். அதே அளவு.

கணக்கைக் கேளுங்கள். ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அது வேறெங்கும் பிறந்ததல்ல. நம் நீலகிரி குன்னூரில் 1918-இல் ஒரு சின்ன அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய் வளர்ந்தது. 65 கிலோ எடையுள்ள ஓர் ஆண், உட்கார்ந்து வேலை பார்ப்பவரானால், நாளொன்றுக்கு அவருக்கு 2110 கலோரி போதும் என்று 2020-இல் வெளியிட்ட அட்டவணையில் அந்த நிறுவனம் சொல்கிறது. அதே எடையுள்ளவர் கடுமையான உடலுழைப்பு செய்பவரானால் 3470 கலோரி வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1360 கலோரி. கலோரி என்றால் கண்ணுக்குத் தெரியாத பூதம் அல்ல. விறகு எரிந்து வெப்பம் தருவது போல, உணவு உடம்பில் எரிந்து தரும் சக்தியை அளக்கும் படி அது. அந்த 1360 கலோரியை அரிசியாக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 400 கிராம். சோறாக வடித்தால் ஒரு கிலோ!

அதாவது, வலை இழுக்கிற தகப்பனும் நாற்காலியில் இருக்கிற மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே அளவாகச் சாப்பிட்டால், மகன் உடம்பில் தினமும் ஒரு கிலோ சோறு வேலையில்லாமல் நிற்கிறது. பெண்கள் கணக்கும் இப்படித்தான். 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்த வேலைக்காரியானால் 1660, கடும் உழைப்பாளியானால் 2720. கூடை சுமந்த தாய்க்கும் கோப்பு தள்ளும் மகளுக்கும் நடுவே 300 கிராம் அரிசி நிற்கிறது.

"வேலை குறைந்தால் பசியும் தானாகக் குறைந்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். குறைவதில்லை என்பதுதான் இதில் மிகவும் விசித்திரமான சங்கதி. இதை நம் நாட்டிலேயே நிரூபித்திருக்கிறார்கள். மேற்கு வங்காளத்தில், கல்கத்தாவுக்கு அருகே, ஹூக்ளி நதிக்கரையில் செங்காயில் என்ற ஊர். அங்கே ஒரு பெரிய சணல் ஆலை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ழான் மேயர் என்பவரும், ராய், மித்ரா என்னும் இரண்டு இந்திய ஆய்வாளர்களும் அந்த ஆலையைச் சேர்ந்த 213 ஆண்களை எடுத்துக்கொண்டு, யார் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், எவ்வளவு எடை இருக்கிறார் என்று அளந்து 1956-இல் வெளியிட்டார்கள். நிலக்கரி சுமப்பவர், மூட்டை தூக்குபவர், நெசவுத் தறியில் நிற்பவர், குமாஸ்தா, மேற்பார்வையாளர், நாள் முழுவதும் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் என்று எல்லா வகையினரும் அதில் இருந்தார்கள். லேசான வேலையிலிருந்து கடுமையான வேலைக்குப் போகப் போக, சாப்பாடும் அதற்கேற்பக் கூடியது, எடை கூடவில்லை. இது எல்லோரும் எதிர்பார்த்ததே. ஆனால் உட்கார்ந்தே இருந்தவர்களின் கணக்கு தலைகீழாகப் போயிற்று. அவர்கள் லேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். ஏறக்குறைய மூட்டை தூக்குகிறவர் அளவுக்கே சாப்பிட்டார்கள். எடையிலும் அவர்களே முதலிடம்.

உடம்பு கொஞ்சமாவது அசைந்தால்தான் பசி என்கிற தராசு சரியாக வேலை செய்கிறது. ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டால் தராசின் முள் கெட்டுப்போகிறது. ஆகவே "பசித்துச் சாப்பிடு" என்று பெரியவர்கள் சொன்ன புத்திமதி நாற்காலிக்காரருக்குப் பாதிதான் உதவும். அவர் கண்ணால் அளந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. இந்த ஆலைக் கணக்கைப் படித்த அன்று எங்களுக்கு ஒரு நிம்மதியும் ஏற்பட்டது. நாங்கள் பெருந்தீனிக்காரர்கள் அல்லர். உடம்பின் முள் எங்களை ஏமாற்றியிருக்கிறது, அவ்வளவே.

முள் மட்டும்தான் ஏமாற்றியதா என்றால், இல்லை. தாய்மார்கள் எங்களை மன்னிக்க வேண்டும். நம் வீடுகளில் அன்பை அளக்கும் அளவை சோற்றுக் கரண்டி. வேலையிலிருந்து இரவு எட்டரை மணிக்கு வீடு திரும்பும் மகனைப் பார்த்து, "பாவம், காலையில் போன பிள்ளை" என்று குண்டானைச் சாய்த்து, குவித்து வைத்து, நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றுகிறீர்கள். பாதியில் கையை எடுத்தால், "குழம்பு நல்லா இல்லையா?" என்று முகம் வாடுகிறது. எங்கள் குழுவில் ஒருவருடைய ஆயா, பேரன் சோற்றைக் குறைத்ததைப் பார்த்துவிட்டு, எங்கோ மனக்கஷ்டம் வந்துவிட்டது என்று வேண்டுதல் வைத்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். வேண்டுதல் வீண்போகவில்லை என்றே சொல்ல வேண்டும். பேரனுக்கு ஆறு கிலோ குறைந்தது.

இப்போது தட்டுக்கு வருவோம். நம் தட்டில் குற்றவாளி மீன் அல்ல. முதல் குற்றவாளி வெள்ளைச் சோற்றின் அளவு. குன்னூர் ஆய்வுக்கூடத்தைச் சொன்னோம் அல்லவா? அதைத் தொடங்கிய ராபர்ட் மக்காரிசன் என்ற அயர்லாந்துக்கார டாக்டர் 1920-களில் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று உண்ட சீக்கியர் உணவு எலிகள் கொழுகொழுவென்று முதலிடத்தில் நின்றன. கடைசி இடம் எந்த மாகாணத்து உணவுக்கு என்று நினைக்கிறீர்கள்? நம் சென்னை மாகாணத்துக்குத்தான். தீட்டிய அரிசி மிகுதி, மற்றவை சொற்பம் என்பதே காரணம். நூறு ஆண்டு ஆகப் போகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வு 2025-இல் வெளிவந்தபோதும், இந்தியர் உண்ணும் கலோரியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது, அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசி, தீட்டிய தானியம், சர்க்கரை ஆகியவையே என்று கண்டது. அதே ஆய்வு வரிசையில் 2023-இல் வெளிவந்த கணக்கு நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்றது. எங்கள் நண்பரைப் போல, தமக்கு இருப்பது தெரியாதவர்களும் அதில் உண்டு.

மீன் சாப்பிடுகிற நமக்கு இது பொருந்தாது என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். நம் வீட்டில் மீன் என்பது சோற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகும் வண்டி. இரண்டு துண்டு மீனுக்கு நான்கு கரண்டி சோறு! குழம்பு ருசியாக அமைந்துவிட்டால் ஐந்து. இதைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் நாங்கள் கண்டுகொண்ட ஒரே வித்தை. சோற்றுக்கு மீன் என்பதை விட்டு, மீனுக்குச் சோறு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கொடுவா, கிழங்கான் போன்ற மீனில் நூறு கிராமுக்குச் சுமார் 100 கலோரிதான். புரதமோ 20 கிராம் அளவுக்கு இருக்கிறது. புரதம் வயிற்றில் நின்று பசியைத் தாங்கும்; சோறு சீக்கிரம் கரைந்து மூன்று மணிக்கே கொட்டாவியையும் பசியையும் கொண்டுவரும். உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான உணவு வேறென்ன வேண்டும்? ஊரெல்லாம் டயட் என்ற பெயரில் டப்பாவில் பொடி வாங்கிக் கரைத்துக் குடிக்கிறார்கள். நமக்கு இறைவன் ஒரு ஏரியையும் ஒரு கடலையும் வாசலிலேயே வைத்திருக்கிறார்.

அப்படியிருந்தும் நாங்கள் மீனை விட்டோம். ஏன் விட்டோம் என்பதை இந்தக் கூட்டத்தில் சொல்லியே ஆக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களில் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு மடவைக் குழம்பு கொண்டுபோனார். அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். டப்பாவைத் திறந்ததும் மூன்று பேர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஜன்னலைத் திறந்தார்கள். மறுநாள், "இங்கே வாசனையான பதார்த்தங்களைக் கொண்டுவர வேண்டாம்" என்று மேலிடத்திலிருந்து வாய்மொழியாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து அவர் டப்பாவில் எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மறுநாள் புளிச்சாதம், அப்பளம். அதற்கு மறுநாள் தேங்காய்ச் சாதம், வற்றல். எங்கள் எல்லோர் கதையும் ஏறத்தாழ இதுவே. வெட்கத்தால் மீனை விட்டு, அந்த இடத்தில் சோற்றின் மேல் சோற்றையும் எண்ணெயையும் வைத்துக்கொண்டோம். காலையில் அவசரம், மத்தியானம் வெட்கம், இரவில் குவியல் என்று எங்கள் இருபது ஆண்டுகள் போயின. காலமான நண்பரும் டப்பாவில் மீன் கொண்டுபோனதேயில்லை.

இப்போது என்ன செய்கிறோம் என்றால், வீட்டில் இருக்கும் இரண்டு வேளையில் மீனை வைத்துக்கொள்கிறோம். மத்தியான டப்பாவில் சோறு பாதி, மீதிப் பாதியில் பொரியலோ கூட்டோ. கூடவே அவித்த முட்டை அல்லது கொண்டைக்கடலை, காராமணி, பச்சைப்பயறு இவற்றில் ஏதாவது ஒரு சுண்டல். ஒரு சின்ன பாட்டிலில் நீர்மோர். எங்களில் துணிந்த ஒருவர் மட்டும் வாரம் ஒருமுறை சுறாப்புட்டு கொண்டுபோகிறார். பூண்டும் மிளகும் போட்டு உதிர்த்த புட்டில் குழம்பைப் போல வாசனை தூக்குவதில்லை. முன்பு ஜன்னலைத் திறந்தவர்களில் ஒருவரே இப்போது, "அது என்ன சார், ஒரு ஸ்பூன் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாராம்.

எந்த மீன் என்றும் பலர் கேட்கிறார்கள். நல்ல இறாலும் கல் நண்டும் விலை பேசி வெளியூருக்குப் போய்விடுகின்றன. பிடிக்கிறவன் வீட்டுச் சட்டிக்கு வருவது மத்தி, நெத்திலி, காரப்பொடி. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இதயத்துக்கு நல்லது என்று மருந்துக் கடையில் மாத்திரையாக விற்கிற ஒமேகா-3 கொழுப்பு, விலை குறைந்த மத்தியில்தான் தாராளமாக இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். ஆனால் அதே மத்தியை மசாலா தடவி எண்ணெயில் முழுகப் பொரித்தால், மீனின் கலோரி இரட்டிப்புக்குக் கிட்டத்தட்டப் போய்விடும். சட்டியில் குழம்பாக வைக்கலாம், தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி வாட்டலாம், இலையில் சுற்றி ஆவியில் வேக வைக்கலாம், நெருப்பில் சுடலாம். பழைய நாளில் கரையில் சுட்ட மீனில் எண்ணெய் ஏது? வறுவல் என்பது விருந்தாளி வந்த நாளுக்கு என்றுதான் இருந்தது. இப்போது தினமும் விருந்தாளி வந்த மாதிரி வறுக்கிறோம்.

எண்ணெய்க்கு ஒரு சுலபமான அளவு சொல்கிறோம். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன என்றால், எண்ணெய் 9 கலோரி தருகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை போதும். நால்வர் உள்ள குடும்பத்தில் மாதத்துக்கு மூன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எங்கள் குழுவில் எல்லோருமே பார்த்தோம். எவருடைய சீட்டும் ஐந்துக்குக் குறையவில்லை.

அடுத்தது சாயங்கால ரயில் நிலையம். இது சிறிய விஷயமல்ல. நான்கு வேளைத் தேநீர், வேளைக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நாளுக்கு 40 கிராம் சர்க்கரை. 2024-இல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. தேநீருடன் இரண்டு வடையோ பஜ்ஜியோ சேர்ந்தால், எந்தச் சாப்பாட்டுக் கணக்கிலும் வராமல் முந்நூறு, நானூறு கலோரி உள்ளே போய்விடுகிறது. வீட்டுக்கு வந்ததும், "இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை" என்று வாய்கூசாமல் சொல்கிறோம். சாயங்காலப் பசி உண்மையான பசிதான், அதை மறுக்கவில்லை. பையில் ஒரு பிடி வேர்க்கடலையோ ஒரு கொய்யாப்பழமோ இருந்தால் பஜ்ஜிக் கடையைக் கடந்துவிடலாம் என்பது எங்கள் அனுபவம். மழைக்காலத்தில் மட்டும் எங்களால் கடக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

தவக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை மாமிசம் கூடாது என்று விட்டுவிட்டு, அன்று அப்பளம், வடை, உருளை வறுவல், பாயசம் என்று வைக்கிற வீடுகள் நமக்குள் உண்டு. ஒருசந்தி இருந்துவிட்டு ராத்திரியில் இரண்டு வேளைச் சோற்றையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. பங்குத்தந்தை சிரிக்கிறார், மேற்கொண்டு நாங்கள் பேசவில்லை.

கேழ்வரகு, கம்பு என்று இப்போது ஒரு அலை அடிக்கிறது. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தபின் கடைகளில் அவற்றுக்குத் தனி அலமாரியே வந்துவிட்டது. நல்ல தானியங்கள்தாம். நார்ச்சத்து உண்டு, கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் கேழ்வரகின் கலோரி அரிசியைவிடப் பெரிதாகக் குறைந்ததல்ல. வெல்லம் போட்ட கேழ்வரகு உருண்டையை நான்கு தின்றுவிட்டு, உடம்புக்கு நல்லது செய்தோம் என்று எண்ணிக்கொள்வது வீண். சப்பாத்தி கதையும் இதுவே. சோற்றை நிறுத்திவிட்டேன், இரவில் சப்பாத்திதான் என்பார்கள். எத்தனை என்று கேட்டால் ஆறு! எண்ணெய் தடவிச் சுட்ட ஆறு சப்பாத்தி, விட்டுவிட்ட சோற்றுக்குச் சற்றும் இளைத்ததல்ல. மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும், அல்லது ஒரு கை அளவு சோறும் நிறைய மீனும் காயும் அதைவிட எவ்வளவோ மேல். பழைய சோற்றை விட வேண்டியதில்லை. ஒரு கரண்டிச் சோறு, நிறைய நீராகாரம், மோர், சின்ன வெங்காயம் என்று இருந்தால் சரி.

கருவாட்டைப் பற்றிச் சொன்னால் கோபம் வரும் என்று தெரியும். கடலில் வெயிலில் நின்று வியர்வை சிந்தியவருக்குக் கஞ்சியும் கருவாடும் இழந்த உப்பைத் திருப்பிக் கொடுத்தன. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்வை எங்கே? நாளுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தக் கொதிப்பு உள்ளவர் கருவாட்டை நன்றாக ஊற வைத்துக் கழுவி, கத்தரிக்காய், முருங்கைக்காய், மாங்காய் அதிகம் போட்டு, மாதத்துக்கு ஒருமுறை இருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். குழம்பில் தனியாக உப்புப் போட வேண்டியதே இல்லை.

முருங்கைக்காய் என்றதும் நம் பெரிய குறை ஒன்று நினைவுக்கு வருகிறது. மீன் இருந்தால் காய் எதற்கு என்று நினைக்கிறவர்கள் நாம். மேலே சொன்ன வழிகாட்டி, தட்டில் ஏறக்குறையப் பாதி காய், கீரை, பழம் இருக்க வேண்டும் என்கிறது. தானியத்திலிருந்து வரும் கலோரி நூற்றுக்கு 45-ஐத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. நம் மணலில் காய்கறி பயிராவது கடினம். பொன்னேரியிலிருந்துதான் வர வேண்டும், விலையும் அதிகம். ஆனாலும் முருங்கை மணலிலும் வளர்கிறது. எத்தனை வீட்டு வாசலில் கீரை உதிர்ந்து குப்பையாகப் போகிறது! இறாலோடு முருங்கைக்கீரை, நெத்திலியோடு மாங்காய், குழம்பில் நான்கு கத்தரிக்காய் என்று மீனோடு காயைச் சேர்த்துவிட்டால் பிள்ளைகளும் ஒதுக்குவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இந்தப் பேச்சு நாற்காலிக்காரருக்கு மட்டுமே. பாட்டுக்குப் போகிறவர், சுமை தூக்குகிறவர், வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் இவர்கள் யாரும் சோற்றைக் குறைக்க வேண்டாம். அதே வீட்டில் தகப்பனுக்கு ஓர் அளவு, மகனுக்கு ஓர் அளவு என்று போட வேண்டியிருக்கும். அதில் பாரபட்சம் ஒன்றுமில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேளாமல் சாப்பாட்டைக் குறைக்கவோ வேளை தவறவோ கூடாது; சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். எங்களில் ஒருவர் வியாதி எதுவும் இல்லாமலே, உற்சாக மிகுதியில் மூன்று நாள் சூப்பை மட்டும் குடித்துவிட்டு மீஞ்சூர் நிலையத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அவர்தான் இன்று இந்த உரையை எழுதிக் கொடுத்தவர்.

உணவோடு கொஞ்சம் அசைவும் வேண்டும் என்பதற்குச் சணல் ஆலைக் கணக்கே போதும். லண்டன் மாநகரத்தின் மாடி பஸ்களில் ஓட்டுநரையும் கண்டக்டரையும் ஒப்பிட்டு ஜெரமி மாரிஸ் என்பவர் 1953-இல் வெளியிட்ட ஆய்விலும், உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுவதும் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பொன்னேரி பஸ்ஸில் ஏறி இறங்க மாடி இல்லை. ஆகையால் நாங்கள் வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறோம். இருட்டில் நாய்கள் துரத்துகிற நாளில் ஓட்டமும் கிடைக்கிறது.

இத்தனையும் செய்து என்ன பலன் என்று கேட்பீர்கள். ஏழு பேரில் நான்கு பேருக்கு இடுப்பளவு குறைந்தது. அவர்களில் ஒருவருக்கு 98 சென்டிமீட்டரிலிருந்து 91-க்கு வர பதினான்கு மாதம் பிடித்தது. இருவருக்கு அப்படியே நிற்கிறது. ஒருவர் பாதியில் விட்டுவிட்டார். ஆனால் அவரும் தேநீரில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். எங்கள் சகோதரிகளில் ஒருவருக்கு மூன்று மாத சராசரிச் சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. காலமான நண்பரின் தகப்பனாரிடம் போய், அவர் கேட்ட கேள்விக்கான பதிலைச் சொன்னோம். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் பிள்ளைக்கு எவ்வளவு போடணும்னு சொல்லுங்கப்பா" என்றார். பேரன் கல்லூரியில் கணினி படிக்கிறான்.

ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் நிற்பது நம் நாட்டாருக்கு வழக்கம். அதனால் எடையைப் பார்த்து ஏமாற வேண்டாம். கூட்டம் முடிந்ததும் பள்ளித் தாழ்வாரத்தில் டேப்பும் தராசும் வைத்திருக்கிறோம். பெண்களுக்கு உள் அறையில் எங்கள் சகோதரிகள் அளப்பார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கவும் ஏற்பாடு இருக்கிறது, காசு வேண்டாம். முப்பது வயதைத் தாண்டிய, மேசை வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் வந்துவிட்டுத்தான் விருந்துப் பந்திக்குப் போக வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம். பந்தியில் பிரியாணி இருக்கிறது. மீன் குழம்பும் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.